மொழியை மாற்றாதீர்கள் என்று ஒட்டிய போன்

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர், மூன்றாவது டிராயரில் ஓரம் உடைந்த பழைய போன் ஒன்று கிடக்கிறதே, முதுகில் 'மொழியை மாற்றாதீர்கள்' என்று பிளாஸ்திரி வேறு ஒட்டியிருக்கிறதே, குப்பையில் போட்டுவிடலாமா என்று கார்த்தியிடம் கேட்டாராம். கார்த்தி பதறிப்போய் எனக்குப் போன் செய்தான். "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க மேடம், நான் சொன்னா சும்மா அளக்குறேன்னு நெனைப்பாங்க" என்றான். பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் வீட்டில் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவள் நான். கேட்டால் விடுவேனா?

என்னைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரி. உங்கள் அலுவலகத்தில் ஜன்னலோரம் இருக்கிறதே, வெயில் அடிக்கும் நாற்காலி, அது பத்தொன்பது வருடம் என்னுடையது. மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. ஓட்டல், கோயில், நகைக்கடை, பள்ளிக்கூடம் என்று யாருக்கு இணையதளம் செய்தாலும் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில் செய்வோம். வேறு ஊரில் பிரெஞ்சு எதற்கு என்று கேட்பார்கள். காரைக்காலில் கேட்க மாட்டார்கள். பாரிசில் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்தே இங்குள்ள அப்பா அம்மாவுக்கு டாக்டரிடம் நேரம் வாங்குவார்கள், கோயிலுக்கு அர்ச்சனைக்குப் பெயர் கொடுப்பார்கள்.

நான் கோபக்காரி. அதைக் கார்த்தி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதிலும் தமிழ் விஷயத்தில் பிடிவாதம் ஜாஸ்தி. தமிழ்ப் பிரிவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டு, சொந்தப் போனை இங்கிலீஷில் வைத்திருந்தால் எனக்குப் பொறுக்காது. அலுவலகத்தில் எல்லாருடைய போனும் கம்ப்யூட்டரும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். கார்த்தி சேர்ந்த முதல் வாரத்தில் போனில் அலாரம் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாமல் மூன்று நாள் தாமதமாக வந்தான். அதற்கும் திட்டு வாங்கினான். இன்று உங்களுக்கெல்லாம் தலைவராக உட்கார்ந்திருக்கும் அதே கார்த்திதான்.

அந்தச் சட்டம்தான் எங்களைக் கவிழ்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தளம் செய்து கொடுத்தோம். பெயர் வேண்டாம். குழந்தைகளின் காது கேளாமையைப் பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவர் சென்னையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே வருவார். அவர் பார்த்துச் சரி என்றால்தான் அறுவை சிகிச்சைக்குப் பெயர் போகும். அதற்கு முன்பெல்லாம் வரவேற்பில் இருந்த வசந்தா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து நேரத்தை உறுதி செய்வாள். எங்கள் தளம் வந்ததும் அந்த வேலையை நிறுத்தினார்கள். இனிமேல் பெற்றோர்களே தளத்தில் நேரம் எடுத்து, அவர்களே உறுதி செய்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. வசந்தாவுக்கு வேலை குறையும் என்று நாங்கள்தான் பெருமையாகச் சொன்னோம்.

தமிழ் முழுவதும் நானே எழுதினேன். ஒரு வரி விடாமல் எழுதினேன். பொத்தானில் வரும் ஒற்றைச் சொல்லுக்குக்கூட அரை நாள் யோசித்திருக்கிறேன். அதனால், தளம் திறந்து மூன்றாவது வாரம் வசந்தா போன் செய்து, "மேடம், தமிழ்ப் பக்கத்துல நடுவுல நடுவுல இங்கிலீஷ் வருதாம், ஒரு ரெண்டு பேர் கேட்டாங்க" என்றபோது எனக்குச் சுருக்கென்றது. உடனே என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். எல்லாம் தமிழ். என் போனில் பார்த்தேன். தமிழ். கார்த்தியையும் பார்க்கச் சொன்னேன், அவனுக்கும் தமிழ்.

"எனக்குச் சரியாத்தான் தெரியுது" என்றேன். மூடிவிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். நான் மறுபடி பார்த்தேன். மறுபடி அதே பதில். இந்த முறை ஆதாரத்துக்கு என் திரையைப் படம் எடுத்தும் அனுப்பினேன். அந்தப் படத்தை அனுப்பியதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று வந்தவரிடம் என் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டிய கதை அது.

மூன்றாவது போன் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. மறுநாள் சென்னை டாக்டர் வருகிற நாள். வசந்தாவின் குரலில் மரியாதை இருந்தது, ஆனால் அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

"பட்டினத்துலேருந்து ஒரு அம்மா புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாங்க மேடம். நேரம் எடுத்திருக்காங்க, ஆனா உறுதி செய்யலன்னு நேத்து சாயங்காலம் சிஸ்டமே பேரை எடுத்துருச்சு. செஞ்சேன்னு அவங்க சொல்றாங்க. ஒங்களுக்குச் சரியாத் தெரியுதுன்னு நீங்களே வந்து அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க."

பட்டினம் என்றால் திருமலைராயன்பட்டினம். நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜமீலா. முப்பது வயது இருக்கும். இடுப்பில் மகள் ஆஃபியா, மூன்று வயது முடியப் போகிறது, பிறந்ததிலிருந்து காது கேட்கவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கடினமாகிக்கொண்டே போகும் என்று உள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். இந்தச் சனிக்கிழமை தவறினால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதம்தான் அவள் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. போனை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"பச்சை டிக் வந்துச்சுங்க. அது வந்ததுக்கு அப்பறந்தான் மூடுனேன். புள்ளையோட வாப்பாவுக்குக்கூட அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். தலைப்பு தமிழ். குழந்தையின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தமிழ். நடுவில் பெரிய பச்சை டிக். அதற்குக் கீழே இரண்டு வரி, ஆங்கிலத்தில். உங்கள் கோரிக்கை கிடைத்தது, நேரத்தை உறுதி செய்ய இன்னும் ஒருமுறை இங்கே அழுத்தவும் என்று நான் அரை நாள் உட்கார்ந்து எழுதிய வரிகள் இருக்க வேண்டிய இடம் அது. குவைத்தில் இருந்த அவள் கணவர் வேலைக்கு நடுவே டிக்கை மட்டும் பார்த்துவிட்டு 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பதில் போட்டிருந்தார்.

என் போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து, அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் தமிழ். அவளுடையதில் இங்கிலீஷ். வசந்தா இரண்டையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. ஜமீலாவின் போன் முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. தளத்தில் தமிழ் என்று அவள் தேர்ந்தெடுத்ததால் பக்கம் தமிழில் வந்தது. ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு எழும்பி வருகிற செய்திகள் மட்டும் அவள் தேர்ந்தெடுத்த மொழியைப் பார்க்கவில்லை, போன் என்ன மொழியில் இருக்கிறது என்று பார்த்து அதன்படி வந்தன. எங்கள் அலுவலகத்தில் அத்தனை போனும் தமிழ். என் சட்டம். அதனால் எங்களில் ஒருவருக்கும் இது கண்ணில் படவே வழியில்லை.

பிடிபட்டதும் நான் செய்த முதல் காரியத்தைக் கேளுங்கள். அவள் போனில் அமைப்புகளுக்குள் போய், மொழி என்ற இடத்தைத் திறந்து, தமிழ் என்பதை அழுத்தப் போனேன். அழுத்தினால் வரிகள் எல்லாம் தமிழாகிவிடும், இப்போது சரியாகிவிட்டது பாருங்கள் என்று எல்லாரிடமும் காட்டிவிட்டுப் போய்விடலாம். விரல் பாதி வழி போய்விட்டது. ஜமீலா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அதை மாத்தாதீங்க மேடம். இது அவங்க அங்கேருந்து குடுத்து விட்ட போன். அவங்களுதும் இதே மாதிரிதான். எனக்கு ஒண்ணு தெரியலன்னா, மேலேருந்து மூணாவதை அமுக்கு, அப்பறம் வலது பக்கம் கடைசின்னு அங்கேருந்து சொல்லுவாங்க, நான் இங்க அமுக்குவேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராதுங்க, எடம்தான் தெரியும். நீங்க மாத்திட்டா அவங்க சொல்றது எதுவும் எனக்குப் புரியாது."

நான் போனைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இப்படி இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பட்டினத்திலும் காரைக்கால் கடைத்தெருவைச் சுற்றியும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். போன் அங்கிருந்து வரும், அங்கே வைத்த மொழியிலேயே வரும், இரண்டு பேர் போனும் ஒன்றாக இருந்தால்தான் கடல் கடந்து வழி சொல்ல முடியும் என்பதற்காக யாரும் அதை மாற்ற மாட்டார்கள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு, இந்த ஊர்க்காரர்களுக்காகத் தளம் செய்துகொண்டு, இது எனக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியவளுக்கு இது தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வராந்தாவுக்குப் போய் நம் முதலாளியைக் கூப்பிட்டேன். அவரும் இப்போது இல்லை, நல்ல மனிதர், ஆனால் அந்த மருத்துவமனை அப்போது எங்களுக்குப் பெரிய வாடிக்கை. போன் செட்டிங் பிரச்சனை என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். அதில் பொய் இல்லை என்பதுதான் வம்பே. அப்படிச் சொன்னால் தப்பு ஜமீலா தலையில் போய் உட்காரும், குழந்தையின் மூன்று மாதம் அவள் கவனக்குறைவால் போனதாக ஆகும். அவள் கணவரும் அப்படித்தான் நினைப்பார். அவளே அப்படித்தான் நினைப்பாள். நான் மாட்டேன் என்றேன். பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டார்.

அடுத்து கார்த்திக்கு. உன் போனை முதலில் இங்கிலீஷுக்கு மாற்று, பிறகு தளத்தைத் திறந்து ஒரு நேரம் பதிவு செய்து பார் என்றேன். மாற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப எனக்கும் இங்கிலீஷ்ல வருது மேடம்" என்றான். எல்லாரையும் தமிழில் வைக்கச் சொன்னது நீங்கள்தானே என்று அவன் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லா உரிமையும் இருந்தது. இன்றுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவனை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்கு அது ஒரு காரணம், இதைப் படித்துவிட்டு அவன் தலைக்கனம் பிடித்தால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்த்தி ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். ஆனால் தளம் சரியானதால் ஜமீலாவுக்கு என்ன லாபம்? அவள் இடம் போனது போனதுதான், காத்திருந்த வேறொரு குழந்தைக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிப் பிடுங்க முடியுமா?

மருத்துவமனை நிர்வாகியின் அறைக்குப் போனேன். ஒரு தாளில், இது எங்கள் தவறு, அந்தப் பெண்ணின் தவறோ அவர் போனின் தவறோ இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் முன் வைத்தேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் படித்துவிட்டு, "சரிங்க. தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சிருச்சு. இப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றார்.

தப்பை ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன், அங்கே வேலை ஆரம்பிக்கவே இல்லை. அப்போது வாசலில் நின்ற வசந்தாதான் வழி காட்டினாள். இந்தத் தடவை உறுதி செய்யவில்லை என்று பேர் எடுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பார்க்கலாமா சார், பழையபடி நான் போன் பண்ணிக் கேட்கிறேன் என்றாள். பட்டியலில் ஐந்து பேர் இருந்தார்கள். அவளும் நானும் ஆளுக்கொரு போனில் உட்கார்ந்தோம். ஒருவர் உண்மையாகவே மறந்துவிட்டார். ஒருவர் எடுக்கவில்லை. ஜமீலாவைச் சேர்த்து மீதி மூன்று பேருக்கும் பச்சை டிக் வந்திருந்தது, மூன்று பேர் போனும் வெளிநாட்டிலிருந்து வந்தது. கோட்டுச்சேரியிலிருந்து ஒரு அம்மா, நாளை காலை கிளம்பத் தயாராக இருந்தார், தன் பேர் இல்லை என்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு ஆள் என்றால் நிர்வாகி வருத்தம் தெரிவித்து அனுப்பியிருப்பார். மூன்று குழந்தைகள் என்றதும் டாக்டரையே கூப்பிட்டுவிட்டார். நான் எழுதிய தாளை அப்படியே வாசித்துக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அந்தப் பக்கம் டாக்டர் என்ன சொன்னாரோ, இவர் சரிங்க சரிங்க என்றார். ஒன்பது மணிக்குத் தொடங்குகிறவர் ஏழரைக்கே வருவதாக ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்தேன். ஜமீலா பெஞ்சில் அதே இடத்தில் இருந்தாள், குழந்தை தூங்கிப்போயிருந்தது. நாளைக் காலை ஏழரை, வாம்மா என்றேன். அவள் உடனே சந்தோஷப்படவில்லை.

"இது அந்தப் பச்சை டிக் மாதிரியா, நெசமாவா மேடம்?"

கேட்டதில் குத்தல் இல்லை, உண்மையான சந்தேகம்தான். வசந்தா ஒரு தாளில் குழந்தையின் பெயர், நேரம், எந்த அறை என்று தமிழில் எழுதி, மருத்துவமனை முத்திரையைக் குத்திக் கொடுத்தாள். ஜமீலா அதை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பர்சில் வைத்தாள். அன்றே, வசந்தாவின் போன் வேலையையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நிர்வாகியிடம் நானே கேட்டுக்கொண்டேன்.

அலுவலகம் திரும்பியதும் என் சட்டத்தை ரத்து செய்தேன். கார்த்தியின் போன் இங்கிலீஷ், இன்னொருவருடையது பிரெஞ்சு, ஒன்று அரபி என்று பிரித்துக் கொடுத்தேன். அரபி போன் கிடைத்தவர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு மருத்துவமனையே இன்னொரு வேலை கொடுத்ததும் சிரித்துவிட்டார். பிள்ளைகளா, உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: ஒருவர் வந்து எனக்குச் சரியாக வரவில்லை என்றால், உங்கள் திரையைப் பார்க்காதீர்கள். அவர் போனைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாங்கிய பிறகு, அதில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, ஜமீலா கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

டிராயரில் இருக்கிற போன் எப்படி வந்தது என்று சொல்லி முடிக்கிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம். ஜமீலா. கையைப் பிடித்துக்கொண்டு ஆஃபியா, அறுவை சிகிச்சை முடிந்து சில வாரமே ஆகியிருந்தது, காதுக்குப் பின்னால் பாக்கு அளவில் கருவி. ஊருக்கு வந்திருந்த கணவர் புதுப் போன் கொண்டுவந்திருக்கிறார், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. பழையதை விற்க மனசு வரவில்லையாம். "நீங்க வச்சுக்கிட்டா நாலு பேருக்கு உதவும். இங்கிலீஷ்லயே இருக்கு, நான் எதையும் மாத்தல" என்று மேசையில் வைத்தாள்.

நான் குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன். டீ சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் கார்த்தியின் கம்ப்யூட்டரில் ஏதோ செய்தி வந்து டிங் என்றது. நாள் முழுக்க அது அடித்துக்கொண்டே இருக்கும், அதை அணைத்து வை என்று எத்தனையோ முறை அவனைத் திட்டியிருக்கிறேன். ஆஃபியா அம்மாவின் கையை விட்டுவிட்டுத் திரும்பிக் கார்த்தியின் மேசையைப் பார்த்தாள்.

ஜமீலா மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எத்தனையோ தடவை குழந்தை தற்செயலாகத் திரும்பியதைப் பார்த்து ஏமாந்தவள் அவள்.

"ஒங்களுக்கும் இப்ப சத்தம் கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சும்மா" என்றேன். "நெசமாத்தான்."

அன்று மட்டும் கார்த்தியின் கம்ப்யூட்டரை நான் திட்டவில்லை. அவனும் அதை அணைக்கவில்லை, வேண்டுமென்றே தனக்குத் தானே இரண்டு செய்தி அனுப்பிக்கொண்டான், அவள் இரண்டு முறையும் திரும்பினாள். பிளாஸ்திரியை ஒட்டி எழுதியது நான்தான், அன்று சாயங்காலம். புதுத் தளம் எதுவானாலும் முதலில் அந்தப் போனில்தான் திறந்து பார்ப்போம், அதனால் வாரத்துக்கு ஒருமுறை அதற்குச் சார்ஜ் போட்டு வையுங்கள்.